உரிமையறிவும் உரிய பாடமும்

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை நம்மவர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், 1995ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு, அந்தக் குணத்தின் பேரிலேயே பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்தது. பழைய நூல்களிலும் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளிலும் கிடந்த சான்றுகளைத் திரட்டி முன்வைத்தது. 1997இல் அவ்வுரிமை இரத்தாயிற்று.

பாட்டி சொன்னாள் என்பது அங்கே செல்லவில்லை. எழுத்திலே பதிந்திருந்ததே சான்றாயிற்று. சட்டம் கற்றவர் மட்டும் முயன்றிருப்பின் நூல்கள் அகப்பட்டிரா. நூல் கற்றவர் மட்டும் முயன்றிருப்பின் எது சான்றாகும் என்பது விளங்கியிராது. இருசாராரும் கூடியதனாலேயே காரியம் கைகூடிற்று.

நம் நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையிலுள்ளது. அதன் பிரிவுகளை எல்லோர்க்கும் ஒரேவிதமாக ஒப்புவிப்பதே பயிற்சி என்று கருதுவது தவறு. நோய்க்கேற்ற மருந்துபோலத் தொழிலுக்கேற்ற பாடம் வேண்டும்.

ஆசிரியர் அறிய வேண்டியது யாது? வகுப்பறைத் தேவைக்காக ஒரு பகுதியைப் பிரதிசெய்வதை நியாயமான பயன்பாடாகச் சட்டம் ஏற்கின்றது. முழுநூலையும் அச்சிட்டு விற்பதோ வேறு கதை. இவ்வெல்லையை அறியாதவர், அஞ்சி ஒதுங்குவார். அன்றேல் துணிந்து மீறுவார்.

ஆராய்ச்சி மாணவர்க்குரிய பாடம் வேறு. தம் புத்தாக்கத்தை மாநாட்டிலே வெளியிட்ட பின்னரும், விண்ணப்பிக்க நம் சட்டம் ஓராண்டுத் தவணை தருகின்றது. ஐரோப்பாவிலோ அத்தகைய பொதுத் தவணை கிடையாது. ஒரு நாட் கைதட்டலுக்காகப் பல்லாண்டு உழைப்பின் உரிமையை இழத்தல் தகுமா?

சித்த வைத்தியர் எதனை வெளியிடுவது, எதனைக் காப்பது என்று ஆராய்தல் வேண்டும். வெளியிட்ட மருந்துமுறையைப் பிறர் தமதாக்க இயலாது. ஆனால் வைத்தியர் தாமும் அதற்கு ஆக்கவுரிமை கோருதல் அரிது. 2001இல் இந்தியா தொடக்கிய பாரம்பரிய அறிவுத் தொகுப்பிலே, தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் செய்திகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், யப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளிலே ஆக்கவுரிமைப் பரிசோதகர்க்குக் கிடைக்கின்றன. தமிழறிந்தோர்க்கு இத்துறையிலே பணியுண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எழுத்தாளர்க்கோ, வாழ்நாளும் மறைவின் பின் 70 ஆண்டும் பதிப்புரிமையுண்டு. பொருளுரிமையை விற்றாலும், தம் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்னும் உரிமை அவரிடமே நிற்கும். இதனை அறியாது, பெயரின்றித் தம் கதை தொகுப்பிலே வரக்கண்டு வாளாவிருப்போர்க்கு யார் எடுத்துரைப்பது?

புலமைச் சொத்து அலுவலகம் ஒன்றே இப்பாரத்தைச் சுமத்தல் இயலாது. ஆசிரியர் கலாசாலைகளும் பல்கலைக்கழகங்களும் இலக்கிய மன்றங்களும், தத்தமக்குரிய பாடத்தைத் தாமே வகுத்தல் வேண்டும். அதனைத் தமிழிலே வகுத்தல் வேண்டும். உடையவனே அறியாத உரிமையைச் சட்டம் எங்ஙனம் காக்கும்?