தலைமையாசிரியருக்குத் தனித் தேர்வு தேவை

ஆசிரியர்கள் பதவி உயர்வு பெறவும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி கட்டாயம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிமூப்பு மட்டும் போதாது என்பதே நம் கருத்தும். ஆனால், 150 மதிப்பெண்ணுக்கான அந்தத் தேர்வு குழந்தை உளவியலையும் மொழியையும் பாடங்களையும்தான் சோதிக்கிறது. தலைமையாசிரியரின் பணி அதோடு முடிவதில்லை. சத்துணவைக் கண்காணிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, வந்த நிதிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். படிப்பை விட்டுத் தறியில் உட்கார்ந்த பிள்ளையின் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி வகுப்புக்கு அழைத்துவர வேண்டும்.

பொறுப்புக்கு ஏற்ற தகுதி கேட்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரிய (குழு) உறுப்பினருக்கு வயது, கல்வி, நன்னடத்தை எல்லாம் வகுத்தது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கியது. நிலமில்லாதவருக்கு இடம் மறுத்ததை நாம் ஏற்க முடியாது. கணக்குக் கேட்டதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நிர்வாகம், நிதி, குழந்தை உரிமைச் சட்டங்கள் ஆகியவற்றைச் சோதிக்கும் தனித் தேர்வையும், தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பள்ளியிலேயே பயிற்சியையும் தமிழக அரசு கொண்டுவர வேண்டும்.