சீர்மிகு சேலம்

சேலத்துக்காரர்கள் இருவர் சந்தித்தால் முன்பெல்லாம் மாம்பழத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். சில வருஷங்களாகப் பஸ் நிலையத்தைப் பற்றி நடக்கிறது. பழைய பஸ் நிலையத்தை இடித்துவிட்டு ஈரடுக்காக எழுப்பியது ஊருக்குப் பெருமை என்கிறார் ஒருவர். பெருமை இருக்கட்டும், மேல் தளத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறும் கிழவியைக் கேட்டீர்களா என்கிறார் மற்றவர். ஐந்து ரோட்டு மேம்பாலத்தைப் பற்றியும் இதே வழக்குத்தான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் விவாதம் முடிவதாகக் காணோம். நாமும் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இந்த விவாதம் எப்போது நடந்திருக்க வேண்டும் என்பதே நமது கேள்வி.

விஷயத்தைச் சற்று ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். 2015-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் 'ஸ்மார்ட் சிட்டி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழில் அதற்குச் 'சீர்மிகு நகரம்' என்று பெயர் வைத்தார்கள். 2016 செப்டம்பரில் மதுரை, தஞ்சாவூர், வேலூர் ஆகிய நகரங்களுடன் சேலமும் ஜாபிதாவில் இடம் பெற்றது. நகரம் ஒன்றுக்கு மத்திய சர்க்கார் 500 கோடி ரூபாய் தருவது, அதற்குச் சமமான தொகையை மாநில சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனமும் போடுவது என்பது ஏற்பாடு. பஸ் நிலையம், வ.உ.சி. மார்க்கெட் முதலியவை இந்தப் பணத்தில் புத்துருவம் பெற்றன. ஈரடுக்குப் பஸ் நிலையத்தை 2023 ஜூன் மாதத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 2025 மார்ச் 31-ந் தேதியுடன் மத்திய திட்டமே முற்றுப்பெற்றது.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு தேதிகளை வைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் சேலம் மாநகராட்சிக் கவுன்ஸிலின் ஆயுள் தீர்ந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. அதாவது, ஊரின் நடுவயிற்றைக் கிழித்து வைத்தியம் செய்வதென்று முடிவாகி, வைத்தியமும் மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில், ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு மெம்பர்கூட அங்கே இல்லை! ஸ்தல ஸ்தாபனத்தின் ஆயுள் முடிவதற்குள் புதிய தேர்தல் நடந்தாக வேண்டும் என்று 1993-ல் அமுலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. சட்டம் சொன்னது புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

மெம்பர்கள் இல்லாவிட்டால் வேலையை நடத்தியவர் யார்? அதிகாரிகள் நடத்தினார்கள், திட்டத்துக்கென்று ஒரு கம்பெனியும் இருந்தது. மாநில சர்க்காரும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் கம்பெனி அது. கம்பெனிக்கு டைரெக்டர்கள் உண்டு, பங்குதாரர்கள் உண்டு, வாக்காளர்கள் மட்டும் கிடையாது. வேலை தாமதமில்லாமல் நடக்க இப்படியோர் அமைப்பு தேவை என்று வாதிப்போர் உண்டு. நாம் அதை முழுவதும் மறுக்கவில்லை. கவுன்ஸில் கூட்டங்களில் நாற்காலி பறந்த கதைகளை நாமும் கேட்டிருக்கிறோம். ஆனாலும், இராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தாரே, அப்போது ஓட்டுரிமை பெற்றிருந்தவர்கள் வெகு சிலரே என்றாலும், குழாயில் தண்ணீர் வராத அன்று யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1914-15-ல், பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் கோடு கிழித்தாற்போல் நேர்ச் சாலைகள் போடுவதென்றும், குறுக்கே நிற்கும் வீடுகளை இடிப்பதென்றும் அங்கே ஒரு யோசனை இருந்தது. கெட்டிஸ் தெருத் தெருவாக நடந்தார். பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றி, அந்த வெற்றிடங்களில் மரம் வைத்து, சந்துகளைச் சிறிது அகலப்படுத்தினால் போதும், செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். தேகத்தைக் காப்பாற்றிக்கொண்டே செய்யும் ரண சிகிச்சை என்று அதற்குப் பெயர் கொடுத்தார். பாரிஸ் பட்டணத்தில் ஹௌஸ்மான் பிரபு 1853-க்கும் 1870-க்கும் இடையில் செய்தது இதற்கு நேர் எதிர். அங்கே வீதிகள் அற்புதமாக அமைந்தன. ஏழைகள் ஊருக்கு வெளியே போனார்கள்.

சேலத்துக்குக் கெட்டிஸின் முறைதான் பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம். காரணம், இது வீட்டுக்குள்ளேயே தொழில் நடக்கும் ஊர். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி இருக்கும் இடம்தான் வீடு. நெசவாளி விடியற்காலையில் தெருவில் பாவு நீட்ட வேண்டும். அவனுக்குத் தெரு என்பது போக்குவரத்துச் சாதனம் மட்டுமல்ல, தொழிற்கூடத்தின் ஒரு பகுதி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் இன்னொருவர்; கொலுசு கைமாறிக் கைமாறிப் போவதற்கு அவர்கள் நாலு வீடு தள்ளி இருந்தாக வேண்டும். படத்தில் அழகாக வரைந்த சாலை ஒன்று இவர்களைப் பிரித்துவிட்டால் அந்த நஷ்டம் எந்த எஸ்டிமேட்டிலும் ஏறாது. மார்க்கெட்டுப் பூக்காரிக்கும் இதே நிலைதான். வாடிக்கைக்காரர் தேடி வரும் மூலையை இழந்த பிறகு பளிங்குத் தரை எதற்கு?

எல்லாவற்றையும்விடப் பெரிய சிகிச்சையை எதிர்பார்த்துக் கிடப்பது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, ஊரின் நடுவே ஓடி, உத்தமசோழபுரத்துக் கரபுரநாதர் கோயிலைத் தொட்டு, நாமக்கல் சீமைக்குள் நுழைந்து, நஞ்சை இடையாற்றில் காவேரியோடு கலக்கும் நதி அது. பெயரில் முத்து இருக்கிறது. தண்ணீரில் இருப்பது சாயப் பட்டறைக் கழிவும் சாக்கடையும். கரைக்குச் சுவர் எழுப்பலாம், விளக்கு வைக்கலாம். உள்ளே ஓடுவது மாறாத வரையில் அது அலங்கரித்த சாக்கடைதான். நகரத்தின் அழகைப் பற்றி நகரவாசிகள் விவாதித்துக்கொண்டிருக்க, அந்தத் தண்ணீரைக் கிணற்றில் ஊறக் கண்டு தவிப்பவர்கள் கீழே இருக்கும் குடியானவர்கள். மாநகராட்சித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

ஜனங்கள் கூடினால் என்ன ஆகும் என்பதற்குச் சேலத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் 'சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம்' என்ற குழுவினர் தங்கள் உழைப்பாலும் பொது ஜனங்களின் நன்கொடையாலும் தூர் வாரினார்கள். எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே சிறு சிறு தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. அந்தக் குழுவில் முன்நின்ற பியூஷ் மானுஷ், முள்ளுவாடி கேட் ரயில்வே மேம்பாலப் பணியை ஆட்சேபித்து மறியல் செய்து 2016 ஜூலையில் சிறை சென்றார். அவருடைய முறையை ஒப்பாதவர்களும் உண்டு. ஆனால், ஆட்சேபத்தைச் சொல்ல முறையான ஒரு சபை இருந்திருந்தால், பாலத்தடியில் போய் நின்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

இப்போது சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு தோறும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்ற பேச்சோடு அவை கலைந்துவிடக் கூடாது. மத்திய திட்டப் பணம் நின்றுவிட்டது. கட்டிய கட்டடங்களைப் பராமரிக்கும் செலவோ வருஷந்தோறும் வரும். அதற்காகக் கடை வாடகை எவ்வளவு ஏறும், பழைய கடைக்காரரில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று வியாபாரிகள் கேட்கட்டும். மற்றவர்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உத்தமசோழபுரத்தில் ஆற்றுத் தண்ணீரைக் கடைசியாக எந்த மாதம் எடுத்துச் சோதித்தார்கள், அந்தக் கணக்கை எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்?