வலிக்குதுன்னு சொன்னேனே!

சொன்னேன். முதல் ராத்திரியே சொன்னேன். பால் சொம்பும் பழத்தட்டும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனீர்களே, அந்த அறைக்குள் அழுதுகொண்டே சொன்னேன். அவர் காதில் விழாமல் இல்லை. "எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "போகப் போகச் சரியாயிடும்டி, பொறுத்துக்கோ." மாமியாருக்கு மாதம் தவறாமல் ஒரே கேள்வி: "இந்த மாசமும் தலைக்குக் குளிச்சிட்டியா?" ஒரு டாக்டரம்மா, நான் சொல்லி முடிக்கும் முன்பே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஆறாவது வருஷம்தான் வேறொருவர் அதற்குப் பெயர் சொன்னார்: வஜைனிஸ்மஸ். பயத்திலும் வலியிலும் இடுப்படித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளுமாம். கண்ணருகே விரல் வந்தால் இமை மூடுகிறதே, அதுபோல. வற்புறுத்த வற்புறுத்த இன்னும் இறுகும். தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, மெல்ல மெல்லப் பழக்கும் டைலேட்டர், அவசரப்படுத்தாத துணை. இவை கிடைத்தால் குணமாகக் கூடியதுதான். அதற்கா ஆறு வருஷம் என்னைத் திமிர் பிடித்தவள் என்றீர்கள்? வாய் சொன்னதை யாரும் கேட்காததால், என் உடம்பு தானே கதவைச் சாத்திக்கொண்டது!

சட்டம் மட்டும் கேட்டதா? மனைவியைக் கணவன் பலவந்தம் செய்தால் அது வன்புணர்ச்சி ஆகாது என்று 1860இல் தண்டனைச் சட்டத்தில் எழுதினார்கள். அவளுக்குப் பத்து வயது ஆகியிருந்தால் போதும். கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி கணவனால் ரத்தம் கொட்டிச் செத்தாள். அவளும் கத்தியிருப்பாளே! அதன் பிறகு 1891இல் பத்தைப் பன்னிரண்டாக்கினார்கள். பின்னாளில் பதினைந்தாகியிருந்த அந்த வயதை 2017இல் உச்ச நீதிமன்றம் பதினெட்டாக்கியது. அதற்கு முன்பே, 2013இல், நீதிபதி வர்மா கமிட்டி கணவனுக்கான அந்த விலக்கையே எடுத்துவிடச் சொல்லியிருந்தது. 2024இல் அந்தச் சட்டத்தைப் புதிய பெயரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். விலக்கை 63ஆம் பிரிவில் பத்திரமாக உட்கார வைத்தீர்கள். வயதைத்தான் ஏற்றினீர்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எழுத இத்தனை வருஷத்தில் ஒரு வரிக்கு இடமில்லையா?

தாலி ஏறும்போது தலை குனிந்தேன். அதை ஆயுசுக்கும் தலையாட்டியதாக எழுதிக்கொண்டது யார்?

இன்றைக்கும் எங்கோ ஓர் அறையில் பால் சொம்பு வைக்கிறீர்கள். கதவைச் சாத்தும் முன் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: "வலிக்குதுன்னு அவ சொன்னா, நிறுத்திடு."