பஜனை கோயில் தெருவில் யார் பாடுகிறார்கள்?

செங்கல்பட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் ஒரு பஜனை கோயில் தெரு உண்டு. பெயர்ப்பலகை உண்டு, ராமர் படம் உண்டு, மார்கழி வந்தால் விடியற்காலையில் சத்தமும் உண்டு. அந்தச் சத்தம் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஒரு ஆள் எழுந்து வந்து பென் டிரைவைச் செருகிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். தோழிகளை வீடு வீடாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற பாட்டு திருப்பாவை. அது ஒண்டியாக முழித்திருக்கிறது, தெரு தூங்குகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால், “யாருக்கு சார் நேரம் இருக்கு?” என்பார்கள். மறைமலை நகரில் ஷிஃப்ட், வீட்டில் டிவி, கையில் செல்போன். எனக்கு இந்தக் காரணத்தில் நம்பிக்கை இல்லை. நேரம் இல்லாதவர்கள்தான் கிரிக்கெட்டை ராத்திரி பன்னிரண்டு மணி வரை பார்க்கிறார்கள். சேர்ந்து பாடினால் ஒரு சங்கடமான கேள்வி வந்துவிடும்: பக்கத்தில் யார் உட்காருவது? ஒலிபெருக்கி அந்தக் கேள்வியிலிருந்து நம்மைக் காப்பாற்றிவிட்டது. அதனால்தான் அதை இவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறோம்.

இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய இன்னொரு மரபு உண்டு: யூத ஜெப ஆலயத்தின் பாட்டு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின், அந்தத் துக்கத்தின் அடையாளமாக வழிபாட்டில் வாத்தியங்களை விலக்கிவைத்தார்கள். மிஞ்சியது மனிதக் குரல். 1623இல் வெனிஸ் நகரில் சலோமோனே ரோஸி 33 எபிரேயப் பாடல்களை மூன்று முதல் எட்டு குரல்கள் சேர்ந்து பாடும்படி அமைத்து அச்சிட்டார். துக்கம் காக்க வேண்டிய இடத்தில் இத்தனை கொண்டாட்டமா என்று எதிர்ப்பு வந்தது. லியோன் மொதேனா என்ற ரபி அவர் பக்கம் நின்று வாதாடினார். அவர்களுடைய நாட்காட்டியில் சிம்ஹத் தோரா என்றே ஒரு நாள் இருக்கிறது. பெயரின் பொருளே ‘தோராவின் மகிழ்ச்சி’. வேதச் சுருளை ஏந்திப் பாடி ஆடிச் சுற்றிவருவார்கள். பக்தி என்றால் கண்ணீர்தான் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

வெனிஸ் தூரம் என்றால் கொச்சிக்கு வாருங்கள். பல யூதச் சமூகங்களில் ஆண்கள் காதுபடப் பெண்கள் பாடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் எல்லார் முன்னாலும் கூட்டமாகப் பாடினார்கள். அதே கொச்சியில், 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்குச் சம இருக்கை கிடையாது. தோராவை இசைத்து வாசிக்கும் அழைப்பும் கிடையாது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம், காந்தியிடமிருந்து சத்தியாக்கிரகத்தை எடுத்துக்கொண்டுபோய் ஜெப ஆலயத்துக்குள்ளேயே போராடினார். பாட்டு அழகாக இருந்தால் போதும் என்று அவர் விடவில்லை. பாடுகிறவர்கள் வரிசையில் தனக்கும் இடம் கேட்டார்.

நம் பஜனையில் அப்படி யார் கேட்டார்கள்? ஊர்த்தெருவெல்லாம் சுற்றிய கோஷ்டி, பல ஊர்களில் காலனி முனை வந்ததும் திரும்பிவிடும். ஆண்கள் முன்னால் போவார்கள். பெண்கள் வாசலில் கோலம் போட்டு நின்று கும்பிடுவார்கள். காலம் மாறி, கூடப் பாட எல்லாருக்கும் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டிய வேளை வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது பாட்டு காலனிக்கும் கேட்கிறது. அங்கிருந்து யாரும் வந்து பாட வேண்டியதில்லை. எவ்வளவு வசதி!

கூட்டுப் பாட்டு செத்துப்போகவில்லை என்பதற்கு மாமல்லபுரம் சாட்சி. மாசி மகத்துப் பௌர்ணமிக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, கடற்கரை மணலில் புடவையால் கூடாரம் கட்டுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மாவைச் சமாதானம் செய்யும் ராத்திரி அது. பாட்டு, ஆட்டம், விடிந்தால் கல்யாணம். பாடுகிறவர், கேட்கிறவர் என்ற பிரிவினையே கிடையாது. அதே ஊரில் டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா நடக்கிறது. மேடை, விளக்கு, வரிசை நாற்காலி. அதை நாம் கலை என்கிறோம். இதைக் கேமராவோடு போய்ப் பார்த்துவிட்டு ‘பழங்குடிச் சடங்கு’ என்று தலைப்புப் போடுகிறோம்.

“இதெல்லாம் மதச் சமாச்சாரம், எங்களுக்கு எதுக்கு?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். சாமி வேண்டாமென்றால் விடுங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனித்தனியாக ரசிக்கும் நாமும் அதே கூம்புக்குக் கீழேதான் தூங்குகிறோம். நல்ல குரல் வேண்டியதில்லை, சுதி விலகினாலும் பக்கத்து ஆள் தூக்கிக்கொள்வார் என்பதுதான் கூட்டுப் பாட்டின் சுகம். அதற்கு முதலில் பக்கத்து ஆள் வேண்டும். அவர் யாராகவும் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

வருகிற மார்கழிக்கு அந்த பென் டிரைவை ஒருவர் ஒளித்துவைக்கட்டும். தெருமுனையைத் தாண்டிப் போய் மிச்சப் பேரையும் எழுப்பிக் கூட்டி வரட்டும். யாரும் வரவில்லையென்றால் ஊர் அமைதியாகவே விடியட்டும். பெயர்ப்பலகைக்கு அது பொய்யில்லாத ஒரு காலையாக இருக்கும்.