டேட்டா சயின்ஸா, புராடக்ட் மேனேஜ்மென்ட்டா?

உணவு டெலிவரி ஆப் ஒன்றில் பலர் ஆர்டரைத் தேர்வு செய்துவிட்டு, பணம் கட்டாமலே வெளியேறுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். யார், எந்த இடத்தில் விலகுகிறார்கள் என எண்களில் தேடுபவர் டேட்டா சயின்டிஸ்ட். அதற்குப் புள்ளியியலும் பைத்தானும் வேண்டும். எதை முதலில் மாற்றுவது என முடிவெடுத்து, டிசைனரையும் இன்ஜினீயரையும் சம்மதிக்க வைப்பவர் புராடக்ட் மேனேஜர். முடிவு தவறினால் பதில் சொல்வதும் அவர்தான்.

படிப்பு முடித்ததும் புராடக்ட் மேனேஜர் ஆவது அரிது; பலரும் வேறு வேலையில் சில வருடங்கள் இருந்துவிட்டே வருகிறார்கள்.

எனவே, அப்பாவைக் கடன் வாங்கச் சொல்லி கோர்ஸில் சேரும் முன், இரண்டையும் செய்து பாருங்கள். வீட்டு கரன்ட் பில்களை எக்ஸெல்லில் அலசுங்கள். பிறகு, நீங்கள் பயன்படுத்தும் ஆப்பின் குறை என்ன என்று ஐந்து பேரிடம் கேட்டு, தீர்வை ஒரு பக்கம் எழுதுங்கள். எதில் நேரம் போனதே தெரியவில்லையோ, அதுதான் உங்கள் பாதை!