பணப்பையைத் திறக்கும் முன் பானெட்டைத் திறங்கள்

என் மைத்துனருக்கு வயது 34. அவர் ஓட்டும் கார் அவரைவிட மூத்தது: 1967 ஃபோர்டு மஸ்டாங், 289 வி8 எஞ்சின். ஆஸ்திரேலியாவில் வலக்கை ஸ்டீரிங்காக மாற்றப்பட்டு இங்கு வந்த வண்டி.

சென்ற மாதம் ஈப்போவிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் ஒரு லாரி வேகமாக அவரைக் கடந்தது. காற்று அடித்ததில் காரின் மூக்கு இடப்பக்கம் விலகியது. ஸ்டீரிங்கைத் திருப்பினார், அரை நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டி வெடுக்கென்று வலப்பக்கம் பாய்ந்தது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். நல்ல வேளை, அடுத்த தடத்தில் வண்டி எதுவும் இல்லை.

மறுநாள் இரவே என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. புத்தம் புதிய முன் சஸ்பென்ஷன் கிட், பளபளவென்று. “அத்தான், இதை வாங்கிடலாமா? பிள்ளைங்கள இனிமே இந்த வண்டியில ஏத்தக் கூடாதுன்னு அவ சொல்லிட்டா.” கிட்டின் விலை, கப்பல் செலவு, வரி, வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல பழைய மைவி வாங்கிவிடலாம்.

“சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க. வண்டிக்கு அடியில ஒருமுறை படுத்துப் பார்த்திடுவோம்” என்றேன்.

1964 ஏப்ரலில் அறிமுகமான மஸ்டாங், ஃபோர்டின் ஃபால்கன் என்ற சிக்கனக் குடும்பக் காரின் அடித்தளத்தில் உருவானது. முன்பக்கம் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். சுருள்வில், மேல் ஆர்மின் தலையில் உட்கார்ந்திருக்கும். அதன் மேல்முனை, எஞ்சினுக்கு இருபுறமும் நிற்கும் ஷாக் டவர் என்ற தகட்டுக் கோபுரத்தைத் தாங்கும். கீழ் ஆர்மிலிருந்து முன்னோக்கி ஒரு கம்பி போகிறது. அதுதான் ஸ்ட்ரட் ராட். பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் நகராமல் பிடித்துக்கொள்வது அதுவே. அந்தக் கம்பி சட்டத்தில் சேரும் இடத்தில் இரண்டு ரப்பர் புஷ்கள் இருக்கும்.

இந்த அமைப்புக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. வளைவில் காரின் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாயும். டயரின் விளிம்புதான் சாலையைக் கவ்வும். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் இதற்கு எளிய வழி கண்டார்: மேல் ஆர்ம் பூட்டும் துளைகளை 1 அங்குலம் கீழே இறக்குவது. கரோல் ஷெல்பி 1965 ஜிடி350 கார்களில் இதைச் செய்தார். அதனால் இன்றுவரை இதற்கு ‘ஷெல்பி டிராப்’ என்றே பெயர். சரியான அச்சு வைத்து, பக்கத்துக்கு இரண்டு துளை போட வேண்டும். புதுப் பாகம் எதுவும் வேண்டாம்.

மைத்துனர் அனுப்பிய கிட் வேறு வகை. 1974 மாடலாக வந்த மஸ்டாங் 2 காரின் முன் அமைப்பைப் பின்பற்றியது. ஷாக் டவர்களை வெட்டி எடுத்துவிட்டு, கீழே புதுக் குறுக்குச் சட்டத்தை வெல்டிங் செய்வார்கள். எஞ்சினுக்கு நிறைய இடம் கிடைக்கும், ரேக் ஸ்டீரிங் கிடைக்கும். பெரிய எஞ்சின் போட நினைப்பவருக்கு அது நியாயமான தேர்வுதான். ஆனால் டவர் தாங்கிய சுமை முழுவதும் கீழே உள்ள சட்டங்களுக்குப் போகும். அங்கே துரு இருந்தால் புது கிட் பழைய துருவின் மேல்தான் நிற்கும். நம் வண்டிக்கு வலக்கை ரேக் தனியாகத் தேட வேண்டும். கட்டமைப்பை வெட்டுவதற்கு ஜேபிஜே அனுமதியும் வேண்டும். வெட்டிய டவரை மறுபடி ஒட்டுவதும் சுலபமல்ல.

சனிக்கிழமை, கிள்ளானில் பழைய வண்டிகள் பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போனோம். தவுக்கே எழுபதைத் தாண்டியவர். வண்டியைத் தூக்கினார்; நீண்ட கடப்பாரை ஒன்றை எடுத்து இடப்பக்க ஸ்ட்ரட் ராடை நெம்பினார். ரப்பர் புஷ் பொடிப்பொடியாகத் தரையில் கொட்டியது. சக்கரம் விரல் அகலத்துக்கு முன்னும் பின்னும் ஆடியது. ஸ்டீரிங் இணைப்பில் ஐட்லர் ஆர்மும் தளர்ந்திருந்தது. அந்த அரை நொடி அங்கேதான் தொலைந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து டவரின் அடியில் டார்ச் அடித்தார். மயிரிழையாக ஒரு விரிசல்.

மைத்துனர் முகம் வெளுத்துவிட்டது. “இதோடவா பிள்ளைங்கள ஏத்திட்டுப் போனேன்?” என்றார். தவுக்கே மலாயில் சொன்னதன் சாரம் இதுதான்: புதுச் சாமானை வாங்கிப் பழைய ஓட்டையில் மாட்டாதே.

செய்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்த வரிசை உதவும். முதலில் விரிசலை வெல்டிங் செய்து, டவர்களையும் பின்சுவரையும் இணைக்கும் உறுதியான பிரேஸ் போட்டோம். அடுத்து எல்லாப் புஷ்களும், பால் ஜாயின்ட்களும், ஐட்லர் ஆர்மும் புதிது. ஸ்ட்ரட் ராடுக்கு ரப்பரே போதும் என்றார் தவுக்கே. கடினமான பாலியூரித்தேன் புஷ் அந்தக் கம்பியை இயல்பாக அசையவிடாது, கம்பியே முறியக்கூடும். ஆர்ம்கள் எப்படியும் கழற்றப்பட்டிருந்ததால் ஷெல்பி டிராப்பையும் அப்போதே முடித்தோம். பிறகு நல்ல ஷாக் அப்சார்பர், 1 அங்குலத் தடிமனில் ஸ்டெபிலைசர் பார்.

கடைசியாக அலைன்மென்ட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1967 கையேட்டின் அளவுகள் அந்தக் காலத்து பயாஸ் டயருக்கானவை. இன்று நாம் போடுவது ரேடியல். சைக்கிளின் முன் ஃபோர்க் சரிந்திருப்பதும் கையை எடுத்தாலும் அது நேராக ஓட உதவுகிறது. காரில் அந்தச் சரிவுக்குப் பெயர் காஸ்டர். ரேடியலுக்கு 2 முதல் 3 டிகிரி பாசிட்டிவ் காஸ்டர், அரை டிகிரி நெகட்டிவ் கேம்பர், 3 மில்லிமீட்டர் டோ-இன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றோம். ஸ்டீரிங் வலக்கைக்கு மாற்றப்பட்ட வண்டி என்பதால், சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புகிறதா என்றும் பார்க்கச் சொன்னோம்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சுருள்வில்லை வீட்டு வாசலில் வைத்துக் கழற்ற முயலாதீர்கள். அழுத்தப்பட்ட வில் நழுவினால் ஆளையே கொல்லும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. பழகிய கையும் வேண்டும்.

மொத்தச் செலவு கிட்டின் விலையில் பாதியைக்கூடத் தொடவில்லை. மிச்சப் பணத்தில் அடுத்து டர்போ போடலாமா என்று மைத்துனர் கேட்கவில்லை. அதுவே பெரிய விஷயம். முன்சக்கரங்களில் இன்னமும் டிரம் பிரேக்தான் இருக்கிறது. டிஸ்க் பிரேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு அதே நெடுஞ்சாலையில் அவரும் நானும் மட்டும் போய் வந்தோம். லாரிகள் கடந்தன, வண்டி லேசாக அசைந்ததோடு சரி. வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். “எப்படி இருக்கு?” என்று என்னைத்தான் கேட்டார், கணவரை அல்ல.

“நேரா ஓடுதும்மா. ஆனா பிரேக் வேலை முடியட்டும். அப்புறம் பிள்ளைங்க ஏறட்டும்” என்றேன்.

மைத்துனர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.