வளைகுடா மருத்துவ ஆய்வுகள்: கை நீட்டுபவருக்குக் குரல் உண்டா?

2020 ஜூலையில் அபுதாபியில் சீனாவின் சினோஃபார்ம் கொரோனா தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தோர் தன்னார்வலர்களாக முன்வந்தனர். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் பஹ்ரைனிலும் சேர்க்கப்பட்ட நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோரின் முடிவுகள், 2021 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயின. அவர்களில் சுமார் 84 சதவீதத்தினர் ஆண்கள். சராசரி வயது 36. பிழைப்புக்காக வந்தவர்கள் நிறைந்த மண் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

ஆனால், ஊசிக்குக் கை நீட்டுவது வேறு. எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் அவையில் அமர்வது வேறு. இந்த இரண்டாவது வகை ஈடுபாட்டை ஆய்வுக் கட்டுரைகளில் பதிவுசெய்ய 2017இல் 'கிரிப்-2' என்ற வழிகாட்டி வெளியானது. மக்களை ஏன், எப்படி அழைத்தீர்கள், அதனால் என்ன மாறியது, எது சரிவரவில்லை என்று அது கேட்கிறது. கடைசிக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைப்பது அரிது.

எமிரேட்ஸின் 'ஆரோக்கிய எதிர்காலம்' ஆய்வு அந்நாட்டுக் குடிமக்களுக்கானது. கத்தார் பயோபாங்க், குடிமக்களுடன் நீண்டகாலம் வசித்தவர்களையும் சேர்த்தது. பல்லாண்டுகள் பின்தொடர வேண்டிய ஆய்வுக்கு ஒப்பந்தத் தொழிலாளி பொருந்தமாட்டார் என்பது புரிகிறது. எனினும், கோடை வெயில் சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று ஆராய்வதானால், கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்தவர் அவரே.

அவரை அழைத்தாலும், விசா முதலாளியின் கையில் இருக்கையில் மேற்பார்வையாளர் முன்னிலையில் மனம் திறப்பாரா? எந்த மொழியில் பேசினர், அறையில் யார் இருந்தனர் என்பதையும் கட்டுரை சொல்லியாக வேண்டும்.